மகனீசியமும் இதய நலமும்

மகனீசியம்: அணுவெண் 12 கொண்ட உலோகம், உடலுக்கு இன்றியமையாத கனியுப்பு. வளர்ந்தவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்பில் தங்கும். குருதிப் பாயத்தில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே குருதிப் பரிசோதனை சரியாக இருந்தாலும் உடலில் குறைபாடு இருக்கலாம்.

*செயற்பாடு:* இதயத் தசைக் கலங்களுக்குள் கல்சியம் மிகையாகப் புகாமல் தடுத்து, பொற்றாசியத்தை உள்ளே நிறுத்துகிறது. குறைந்தால் துடிப்புச் சீர்குலையலாம். அவ்வகைச் சீர்குலைவு ஒன்றுக்கு மகனீசியம் சல்பேற்று நாளம்வழி ஏற்றப்படுகிறது.

*மன அழுத்தம்:* நீடித்த அழுத்தத்தில் அட்ரினலின் போன்ற ஓமோன்கள் கூடும்போது சிறுநீருடன் மகனீசியம் அதிகம் வெளியேறும்; குறைபாடோ அழுத்தத்தை மேலும் கூட்டும்.

*உணவு:* நாளாந்தத் தேவை பெண்களுக்கு 310–320, ஆண்களுக்கு 400–420 மில்லிகிராம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவற்குடா போன்ற மட்டக்களப்பு ஊர்களில் கிடைக்கும் கச்சான், மரமுந்திரிப் பருப்பு, பயறு, குரக்கன், கீரை வகைகள் நல்ல மூலங்கள். 100 கிராம் கச்சானில் ஏறத்தாழ 170 மில்லிகிராம் உண்டு. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு பெரும்பகுதி போய்விடும்.

*எச்சரிக்கை:* சிறுநீரக நோயாளர் மருத்துவ ஆலோசனையின்றி மகனீசிய மாத்திரை எடுக்கலாகாது. இது குருதி அமுக்க மருந்துக்கு மாற்றீடும் அன்று.