இந்தியக் கடற்படையில் பெண்கள்: கரைப்பணி முதல் கப்பல் தலைமை வரை

இந்தியக் கடற்படையில் பெண்களின் பணி இரண்டாம் உலகப்போரின்போது தொடங்கியது. 1942-இல் அமைக்கப்பட்ட மகளிர் துணைப்படையின் கடற்படைப் பிரிவு, 1944-இல் 'அரச இந்திய மகளிர் கடற்படைப் பணி' என்ற தனி அமைப்பாயிற்று. ஆண்கள் கப்பலேறியதால் கரையில் விழுந்த இடங்களை நிரப்புவதே அதன் நோக்கம். ரகசியக் குறியீட்டுச் செய்திகளைக் கையாளுதல், தகவல் தொடர்பு, அலுவலக நிர்வாகம் ஆகிய வேலைகளைப் பெண்கள் செய்தனர். இந்திய அதிகாரிகளின் சீருடை வெள்ளைப் புடவை; தோளில் பதவிப் பட்டை. அவர்களுள் ஒருவரான கல்யாணி சென் 1945-இல் பிரிட்டனுக்குச் சென்று, அந்நாட்டு மகளிர் கடற்படைப் பிரிவின் பயிற்சி முறையை நேரில் ஆராய்ந்தார். போர் முடிந்தபின் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் வந்த 1957-ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டம் பெண்களுக்குக் கதவடைத்தது. எனினும், மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுக் குறிப்பிடும் பிரிவுகளில் மட்டும் பெண்களைச் சேர்க்கலாம் என்று அதன் 9(2) பிரிவு ஒரு விலக்கு வைத்திருந்தது. பிற்கால மாற்றங்கள் அந்த விலக்கின் வழியாகவே நுழைந்தன. மருத்துவப் பணிக்கு வெளியே, 1991 அக்டோபர் அறிவிக்கை தளவாடம், சட்டம், கல்வி ஆகிய துறைகளைத் திறந்தது. 1992-இல் பெண் அதிகாரிகள் பணியேற்றனர். 1998-இல் மேலும் சில பிரிவுகள் சேர்ந்தன.

சேர்ந்தவர்களுக்குக் கிடைத்ததோ குறுகிய காலப் பணிதான். நிரந்தரப் பணி இல்லாததால், உயர்பதவியும் ஓய்வூதியமும் எட்டும் முன்பே பலர் வெளியேற நேர்ந்தது. 2008-ஆம் ஆண்டுக் கொள்கை சில பிரிவுகளுக்கு மட்டும், அதுவும் புதிதாகச் சேர்வோருக்கே, நிரந்தரப் பணி அளித்தது. ஏற்கெனவே உழைத்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். லெப்டினன்ட் கமாண்டர் ஆனி நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17 அன்று அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ரஷ்யாவில் கட்டிய கப்பல்களில் பெண்களுக்குக் குளியலறை வசதி இல்லை என்பது அரசின் வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடற்பணி பெண்களுக்குப் பொருந்தாது என்ற எண்ணம், பெண்களைப் பற்றிய பழைய முன்முடிவிலிருந்து பிறந்தது என்றது.

அந்த முன்முடிவுக்குக் கடலிலேயே பதில் கிடைத்திருந்தது. 2017 செப்டம்பரில் லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள், 55 அடி நீளமுள்ள 'தாரிணி' பாய்மரப் படகில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினர். கேப் ஹார்ன் முனையின் கொந்தளிப்பைக் கடந்தவர்களுக்கு இந்தியப் பெருங்கடலில் சுக்கான் பழுதாகிவிட்டது. மொரீஷியஸில் கரை ஒதுங்கிச் சரிசெய்துகொண்டு, 2018 மே மாதம் கோவா திரும்பினர். 2024 அக்டோபரில் அதே படகில் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய இருவர் மட்டும் புறப்பட்டு, 2025 மே மாதம் சுற்றை நிறைவு செய்தனர்.

வானில் ஏற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. 2009-இல் கடல்சார் கண்காணிப்பு விமானங்களில் பெண் அதிகாரிகள் இடம்பெற்றனர். ஆனால் விமானத்தை ஓட்டும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. 2019 டிசம்பரில் கொச்சியில் ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் விமானி ஆனார். 2024 ஜூனில் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் பயிற்சி முடித்த அனாமிகா ராஜீவ், முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி. 2025-இல் ஆஸ்தா பூனியா போர் விமானப் பிரிவுக்குத் தேர்வானார்.

இவர்கள் எல்லோரும் அதிகாரிகள். மாலுமிப் பணி 2022-இல் அக்னிபத் திட்டத்தால்தான் பெண்களுக்குத் திறந்தது. 2023 மார்ச்சில் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்த முதல் அணியில் 273 பெண்கள் இருந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் பிரேர்ணா தேவஸ்தலி 'ஐ.என்.எஸ். திரிங்கட்' போர்க்கப்பலின் தலைமைக்கு அறிவிக்கப்பட்டார். ஆண்கள் கப்பலேறக் கரையில் இடம் நிரப்பிய வரிசையின் வாரிசு, இப்போது கப்பலை நடத்தும் இடத்திற்கு வந்திருந்தார்.