தாழ்த்திய மஸ்டாங்கும் ஜேம்ஸ் வாட்டும்

2005-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே விறைப்பான அச்சில்தான் இருந்தன. அந்த அச்சு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வது பன்ஹார்ட் கம்பி. பழைய பிரெஞ்சு கார் கம்பெனியின் பெயர் அது. கம்பியின் ஒரு முனை பாடியில், மறுமுனை அச்சில். ஒரு முனையைப் பிடித்துவைத்தால் மறுமுனை வட்டமாகத்தானே நகரும்? அதனால் குட்டை ஸ்ப்ரிங் போட்டுக் காரை இறக்கியதும் அச்சு ஒரு பக்கமா ஒதுங்கிடும். பின்னால் நின்று பாருங்கள்: ஒரு டயர் வெளியே எட்டிப்பார்க்கும், மற்றது உள்ளே போயிருக்கும்.

இதே சிக்கல் வேறு வேஷத்தில் ஜேம்ஸ் வாட்டுக்கும் வந்தது. நீராவி எஞ்சினின் பிஸ்டன் தண்டு நேராக ஏறி இறங்கணும். ஆனால் உத்தரத்தின் முனையோ வட்டமடிக்கிறது. இரண்டு நீளக் கைகளை ஒரு குட்டை இணைப்பால் கோத்து 1784-ல் காப்புரிமை வாங்கினார். குட்டை இணைப்பின் நடுப்புள்ளி எட்டு வடிவத்தில் சுற்றும்; அதில் நடுப்பகுதி ஏறக்குறைய நேர்கோடு. தன் கண்டுபிடிப்புகளில் இதைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

1998 கிரவுன் விக்டோரியாவின் பின்னச்சில் ஃபோர்டே இதைப் பொருத்தியது. மஸ்டாங்குக்கும் கிட் கிடைக்கிறது. ஆனால் எடை கூடும், செலவும் கூடும். தெருவில் ஓட்டுகிறவருக்கு, நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய பன்ஹார்ட் கம்பியே போதும் என்பது என் கட்சி. அச்சை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, மிச்சக் காசில் அந்தக் குட்டை ஸ்ப்ரிங்குக்கு ஏற்ற டேம்பர் வாங்கலாம்.