செம்பரம்பாக்கம் ஏரியில் முளைத்த செடியும் ராட்லர் ஐயரும்

நம்ம பக்கத்து சர்ச்சுகளில் அறுப்பின் பண்டிகை பார்த்திருக்கீங்களா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வயல் எங்கே இருக்கு, அறுப்பு எங்கே இருக்குன்னு மட்டும் கேட்கக்கூடாது. 1961-ல் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வந்தது, 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட் வந்தது, மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் ஃபிளாட் போட்டாச்சு. ஆனா பண்டிகை மட்டும் வருஷா வருஷம் தவறாம வரும். ஆல்டருக்கு முன்னால் வாழைத்தார், கரும்புக் கட்டு, கோயம்பேட்டில் வாங்கின அன்னாசி, தேங்காய், வீட்டில் சுட்ட முறுக்கு, கூடைக்குள் கால் கட்டின நாட்டுக்கோழி. (பிரசங்கத்தின் முக்கியமான கட்டத்தில் அது கட்டாயம் கத்தும்.) ஆராதனை முடிஞ்சதும் எல்லாம் வெளியே வந்து ஏலத்துக்குப் போகும். நாற்பது ரூபாய் பூசணிக்காய் நானூறு ரூபாய்க்குப் போகும்.

அந்தப் பூசணிக்காயை எங்க சபையில் வழக்கமா ஏலம் எடுப்பது எங்க அம்மா. "அது ஆண்டவர் வீட்டுப் பூசணிடா, விலை பார்க்கக் கூடாது"ன்னு சொல்லுவாங்க. அடுத்த ஒரு வாரம் வீட்டில் பூசணிக்காய் கூட்டு, பூசணிக்காய் சாம்பார், பூசணிக்காய் அல்வா... சரி, அதை விடுங்க.

2019 பிப்ரவரியில் அம்மா தவறிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு சின்ன சிக்கல். ஆராதனையில் பொது ஸ்தோத்திர ஜெபம்னு ஒண்ணு உண்டு. எங்களைப் படைச்சதுக்கு, காப்பாத்தினதுக்கு, இந்த வாழ்க்கையில் தந்த எல்லா நன்மைக்கும் நன்றின்னு சபையே சேர்ந்து சொல்வது. இங்கிலாந்தில் எட்வர்ட் ரேனால்ட்ஸ் என்ற பிஷப் எழுதி 1662 ஜெபப் புத்தகத்தில் சேர்த்தது. சின்ன வயசிலிருந்து சொல்லி மனப்பாடம். ஆனா அந்த வருஷம் 'காப்பாத்தினதுக்கு' என்ற இடம் வந்ததும் வாய் அடைச்சுக்கும். மத்தவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் ஃபேனைப் பார்த்துட்டு நிற்பேன்.

அதே வருஷம்தான் சென்னையில் தண்ணிப் பஞ்சம். ஞாபகம் இருக்கும். ஜூன் மாசம் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு போச்சு. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் இதே ஏரியைத் திறந்துவிட்டுத்தான் அடையாறு ஓரமெல்லாம் முழுகியது. அந்த ஏரியின் நடுவில் பசங்க கிரிக்கெட் விளையாடிக்கிட்டு இருந்தாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கிட்டு பூந்தமல்லி தாண்டி சும்மா பார்க்கப் போனேன். தரை பாளம் பாளமா வெடிச்சிருந்தது. தூரத்தில் நாலைஞ்சு மாடு.

அந்த வெடிப்புக்கு நடுவில் அங்கங்கே ஒரு செடி. முழங்கால் உயரம்கூட இல்லை. சாம்பல் பூத்த பச்சை இலை, தொட்டால் கம்பளி மாதிரி சொரசொரப்பு. மூணு பிளவா சின்னச் சின்னக் காய். சுத்திலும் எல்லாம் செத்துக் கிடக்கு, இது மட்டும் தளதளன்னு நிக்குது. மாடுகள் அதைச் சீண்டவே இல்லை. ஒரு காயை நசுக்கிப் பார்த்தேன், விரலெல்லாம் நீலக் கறை. ஒரு கிளையை ஒடிச்சு, போட்டோவும் எடுத்து, கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தர்ற நண்பருக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "குரோசோஃபோரா ராட்லெரி. நெல் அறுத்த வயலிலும் காய்ஞ்ச ஏரியிலும் வரும் களை."

ராட்லெரியா? எங்க வீட்டு அலமாரியில் அந்தப் பேரில் ஒரு அகராதியின் மறுபதிப்பு இருக்கு. ராட்லர் அகராதி. ரெண்டும் ஒரே ஆளா? ஒரே ஆள்தான். அங்கே பிடிச்ச கிறுக்கில்தான் இந்த ஆராய்ச்சி எல்லாம்.

யோஹான் பீட்டர் ராட்லர் 1749-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தவர். 1776-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போ அது டேனிஷ்காரங்க ஊர். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கினாரே, அதே மிஷன். அங்கே வந்தவங்களில் பலர் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரோடு தொடர்பு உள்ளவங்க. ஹாலேயில் பிராங்கே நடத்திய அநாதை இல்லப் பள்ளியில், மாடி அறை ஒண்ணில் உலகத்தின் சங்கு, கல், செடி, பாம்புத்தோல் எல்லாம் சேர்த்து வச்சிருந்தாங்க. இன்னைக்கும் அந்த அறை இருக்கு. கடவுள் ரெண்டு புத்தகம் எழுதியிருக்கார், ஒண்ணு வேதம், இன்னொண்ணு இயற்கை, ரெண்டையும் வாசிக்கத் தெரியணும் என்பது அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஊறிப்போன நினைப்பு. ஜான் ரே என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1691-லேயே இதை வச்சு ஒரு புத்தகம் போட்டு, அது பல பதிப்பு ஓடியது.

தரங்கம்பாடியில் இந்த விதைக்குத் தண்ணி ஊற்றியவர் கோயனிக். ஸ்வீடனின் லின்னேயஸிடமே படிச்சவர், 1768-ல் மிஷனுக்கு மருத்துவரா வந்தார். நீங்க தினமும் சாம்பாரிலிருந்து பொறுக்கி ஓரமா வைக்கிறீங்களே கறிவேப்பிலை, அதோட தாவரப் பெயரில் 'கோயனிகி' என்று இவர் பேர்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அவருக்குப் பின் சி. எஸ். ஜான் என்ற மிஷனரி. அவர் மீனும் பாம்பும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இருதலைப் பாம்புன்னு சொல்லி லட்சக்கணக்கில் ஏமாத்தி விற்கிறாங்களே மண்ணுளிப் பாம்பு, அதோட அறிவியல் பெயரில் இருக்கிற 'ஜானியை' இந்த ஐயர்தான். பாவம், அவர் பேர் இப்படி போலீஸ் கேஸில் எல்லாம் அடிபடும்னு நினைச்சிருக்க மாட்டார் :-)

ராட்லர் பிடிச்சது செடியை. 1799-லும் 1800-லும் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பிய பயணத்தில், வழியில் பார்த்த செடிகளையெல்லாம் குறிச்சு வச்சார். பெர்லினில் வில்டெனோ என்ற தாவரவியலாளர் தன் குறிப்புகளைச் சேர்த்து அதை 1803-ல் அச்சில் கொண்டுவந்தார். யோசிச்சுப் பாருங்க, பல்லக்கும் மாட்டு வண்டியுமா கடற்கரை வழியே வர்ற ஒருத்தர், ஒவ்வொரு சத்திரத்திலும் இறங்கி ஓடைக்கரைக்குப் போய் குனிஞ்சு பார்க்கிறார். பல்லக்குத் தூக்கினவங்க என்ன பேசிக்கிட்டிருப்பாங்களோ.

அவர் சேர்த்து உலர்த்தின செடிகள் அவர் காலத்துக்குப் பின் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து க்யூ தோட்டத்துக்குப் போச்சு. நான் ஏரியில் பார்த்த செடிக்கு 1807-ல் கைஸ்லர் என்ற ஜெர்மானியர் இவர் பெயரை வச்சார். ஊருக்கெல்லாம் ரோஜாவுக்கும் ஆர்க்கிடுக்கும் பேர் வைப்பாங்க, இவருக்கு அறுவடை முடிஞ்ச வயலில் வர்ற களை!

இதை எல்லாரும் ரசிச்சாங்கன்னு நினைக்காதீங்க. ஜானும் ராட்லரும் ஆத்துமாக்களைத் தேடுவதை விட்டுட்டு சங்கும் செடியும் பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க, அதனால்தான் மிஷன் சோர்ந்து போச்சுன்னு பின்னால் வரலாறு எழுதினவங்க குறைப்பட்டிருக்காங்க. ஓரளவு நியாயமாகவும் இருக்கலாம். ஆனா எனக்கு முழுசா ஒத்துக்க மனசு வரலை. காரணம் சொல்றேன்.

1803-ல் வேப்பேரியில் இருந்த கெரிக்கே ஐயர் இறந்ததும், ராட்லர் சென்னைக்கு வந்தார். அப்புறம் சாகும்வரை சென்னைதான். வேப்பேரி என்றால் நமக்கு ஒண்ணும் தூரமில்லை, பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடிச்சுக் கிழக்கே நேரே போனால் வந்துடும். அங்கே மிஷன் அச்சகம் இருந்தது. 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடிச்சபோது கொண்டுவந்த அச்சு இயந்திரத்தை ஃபப்ரீசியஸ் ஐயரிடம் கொடுத்து ஆரம்பிச்ச அச்சகம். வேப்பேரியில் உட்கார்ந்து ராட்லர் செஞ்ச வேலைகளில் ஒண்ணு, ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தது. ஆமாங்க, அதே புத்தகம். பொது ஸ்தோத்திர ஜெபம் இருக்கிற புத்தகம். இன்னைக்கு நாங்க சொல்ற வார்த்தைகள் அப்படியே அவருடையதில்லை, பின்னால் பல கை திருத்தியிருக்கு. ஆனா என் வாய் அடைச்சுக்கிட்ட அந்த ஜெபத்தைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்னு மண்டையை உடைச்சுக்கிட்டவங்களில் ஒருத்தர், என் விரலில் நீலக் கறை வச்ச செடியின் பேருக்குச் சொந்தக்காரர்.

அந்தப் புத்தகத்தில் காலை ஆராதனைக்கு இன்னொரு பாட்டும் உண்டு. அதில் சூரியன், சந்திரன், மழை, பனி, காத்து, நெருப்பு, கிணறு, ஆறு, மீன், பறவை, பூமியில் முளைக்கிற எல்லாத்தையும் வரிசையா கூப்பிட்டு கர்த்தரைத் துதிக்கச் சொல்லும். சின்ன வயசில் இது எனக்கு பெரிய அறுவை, லிஸ்ட் முடியவே முடியாது. இப்போதான் கவனிச்சேன், அது யார் பாடினதுன்னு. தானியேல் புத்தகத்தில் நேபுகாத்நேச்சார் எரியும் சூளையில் போட்டானே சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ, அவங்க மூணு பேரும் சூளைக்கு உள்ளே நின்னு பாடினது. நம்ம புராட்டஸ்டண்ட் பைபிளில் இந்தப் பகுதி கிடையாது, கத்தோலிக்க பைபிளில் உண்டு. எங்களுக்கு இது வந்ததே ஜெபப் புத்தகம் வழியாத்தான். மரம் செடி அழகைப் பார்த்து நன்றி சொல்ற பாட்டு, ஏதோ ஊட்டியில் மப்ளர் கட்டிக்கிட்டு எழுதினதுன்னு நினைச்சிருந்தேன். நெருப்புக்குள்ளே நின்னு பனியையும் மழையையும் நினைச்சுப் பாடியிருக்காங்க.

ராட்லருக்கும் வாழ்க்கை மப்ளர் கட்டின வாழ்க்கை இல்லை. அவர் வந்து நாலு வருஷத்தில், 1780-ல், ஹைதர் அலி படை கர்நாடகப் பகுதியில் இறங்கியது. ஊர்கள் எரிஞ்சது, ஏரிகள் உடைஞ்சது, பின்னாலேயே பஞ்சம். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயர் அரிசி வாங்கி வச்சு ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்தினார். தரங்கம்பாடி டேனிஷ் கொடிக்குக் கீழே இருந்ததால் தப்பிச்சது, ஆனா பசியோடு ஓடிவந்தவங்களைத் தினமும் பார்த்திருப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் செடியைப் பொறுக்கினதை பொழுதுபோக்குன்னு எப்படி சொல்றது? 'முளைக்கிற எல்லாமும்' என்ற இடத்துக்குத் தமிழ் தேடினபோது, அவர் மனசில் பொதுவா 'எல்லாம்' வந்திருக்காது. இலை விளிம்பு, ரோமம், காய் எத்தனை பிளவு என்று ஒவ்வொண்ணா வந்திருக்கும். எண்ணிப் பார்க்காமல் நன்றி சொல்றது அவர் மாதிரி ஆளுக்குக் கஷ்டம்னு எனக்குத் தோணுது.

(நம்ம ஊருக்கும் இது புதுசில்லை. பூவிருந்தவல்லி என்ற பேரிலேயே பூ இருக்கு. இராமானுஜர் காலத்துத் திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லிக்காரர், நந்தவனம் வச்சு காஞ்சி வரதராஜருக்குப் பூ கொண்டுபோனவர். பூவைப் பறிச்சுச் சாமிக்குக் கொடுத்தவர் ஒருத்தர், செடியை உலர்த்திப் பேப்பரில் ஒட்டினவர் ஒருத்தர்.)

அகராதி வேலை இன்னும் பெரிசு. 1834-ல் முதல் பாகம் அச்சாகும்போது அவருக்கு 85-ஐ ஒட்டிய வயசு. செடி கொடி வர்ற இடங்களில் பலதுக்கும் லத்தீன் தாவரப் பெயரையும் சேர்த்திருப்பார். 1836 ஜனவரியில் வேப்பேரியில் காலமானார், அகராதி பாதியில் நின்னுச்சு. வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் மிச்சத்தைப் பார்த்து 1841-ல் முடிச்சாங்க. அறுபது வருஷம் ஒரே வெயிலில் இருந்திருக்கார் மனுஷன், ஒருதடவைகூட ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய்த் தங்கலை.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்குப் போனேன். பஞ்ச வருஷம் என்பதால் காய்கறி கொஞ்சம் கம்மி, பிளாஸ்டிக் வாளியும் பிஸ்கட் பாக்கெட்டும் ஜாஸ்தி. ஒடிச்சு வந்த கிளையை அம்மாவின் பழைய ஜெபப் புத்தகத்துக்குள்ளேதான் வச்சு அமுக்கி வச்சிருந்தேன், காய் ஒண்ணு நசுங்கி ரெண்டு பக்கத்திலும் நீலம் இறங்கியிருந்தது. பொது ஸ்தோத்திர ஜெபம் வந்தப்போ படைச்சதுக்கு வரைக்கும் சத்தமா சொன்னேன். காப்பாத்தினதுக்கு என்ற இடத்தில் சத்தம் வரலை, உதடு அசைஞ்சது. பக்கத்தில் நின்ன ஆன்ட்டி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

பூசணிக்காய் ஏலத்தில் எனக்கு எதிரா கேட்டவர் எங்க சபைச் செயலாளர். அறுநூற்று ஐம்பதுக்கு முடிஞ்சது.

2020 நவம்பரில் நிவர் புயலுக்கு ஏரி நிரம்பி மதகைத் திறந்தாங்க. நான் செடியைப் பார்த்த இடம் எதுன்னு கரையிலிருந்து கண்டுபிடிக்க முடியலை. எல்லாம் தண்ணி.