கேம் திக்கித் திணறுதா? கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க!

தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்து கேமிங் லேப்டாப் வாங்கியாச்சு. ஆனால் கேமைத் திறந்தால் காட்சிகள் விட்டு விட்டு ஓடுகின்றன. உடனே 'கார்டு போச்சு' என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்களும் உண்டு. பல நேரங்களில் கார்டில் எந்தக் கோளாறும் இருக்காது. கேம் அந்தக் கார்டை பயன்படுத்தவே ஆரம்பித்திருக்காது, அவ்வளவுதான்!

காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்? வரிசையாகத் தெரிந்துகொள்வோம்.

ஏன் இப்படி நடக்குது?

பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் இருப்பது ஒரு கிராபிக்ஸ் சிப் அல்ல, இரண்டு. ஒன்று, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டக்ரேட்டட் கிராபிக்ஸ். இன்டெல் யூஎச்டி போன்றவை இந்த ரகம். மற்றொன்று, தனியாக இருக்கும் டெடிகேட்டட் கார்டு. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ், ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் எல்லாம் இந்த ரகம்.

வீடியோ பார்க்க, டைப் செய்ய முதல் சிப்பே போதும். பேட்டரியும் மிச்சமாகும். பெரிய கேம் ஓடும்போது மட்டும் இரண்டாவது சிப் வேலைக்கு வர வேண்டும். இந்த ஏற்பாட்டை என்விடியா நிறுவனம் 'ஆப்டிமஸ்' என்ற பெயரில் 2010-ல் அறிமுகம் செய்தது. எந்த ஆப்புக்கு எந்த சிப் என்பதை விண்டோஸும் டிரைவரும்தான் முடிவு செய்கின்றன. அந்த முடிவு தப்பாகும்போதுதான் கேம் திணறுகிறது.

முதல்ல எது ஓடுதுன்னு பாருங்க

கேமை முழுத்திரையில் இல்லாமல் விண்டோ மோடில் ஓடவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனால் ஜிபியு 0, ஜிபியு 1 என இரண்டு வரிகள் தெரியும். பக்கத்திலேயே சிப்பின் பெயரும் இருக்கும். எண்ணை நம்ப வேண்டாம், பெயரைப் பாருங்கள்.

அடுத்து 'பிராசஸஸ்' பகுதி. மேலே உள்ள தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து 'ஜிபியு இன்ஜின்' என்பதை டிக் செய்யுங்கள். கேமின் பெயருக்கு எதிரே ஜிபியு 0 அல்லது ஜிபியு 1 என்று காட்டும். அது இன்டக்ரேட்டட் சிப்பின் எண் என்றால், பிரச்னை என்னவென்று தெரிந்துவிட்டது.

விண்டோஸ் செட்டிங்ஸில் மாற்றுவது எப்படி?

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்ற வரிசையில் உள்ளே போங்கள். அங்கே ஆப்களின் பட்டியல் இருக்கும். உங்கள் கேம் அதில் இல்லையென்றால் 'பிரவுஸ்' கொடுத்து நீங்களே சேர்க்கலாம். கேமைத் தேர்வு செய்து, 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்பதைக் கொடுங்கள். அதற்குக் கீழே டெடிகேட்டட் கார்டின் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கேமை முழுவதுமாக மூடிவிட்டுத் திறக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கேம் நடுவில் சிப் மாறாது.

என்விடியா கன்ட்ரோல் பேனலிலும் இதே மாதிரி ஒரு தேர்வு உண்டு. இரண்டிலும் வேறு வேறாக இருந்தால், இப்போதைய விண்டோஸ் பதிப்புகளில் விண்டோஸ் செட்டிங்ஸ் சொல்வதுதான் நடக்கும். அதனால் முதலில் இங்கே மாற்றுவதே நல்லது.

பலரும் சறுக்குற இடம் இதுதான்!

'எல்லாம் மாத்தியாச்சு, அப்பவும் அதே கதைதான்' என்கிறீர்களா? நீங்கள் சேர்த்தது கேமையா, லாஞ்சரையா என்று பாருங்கள். ஸ்டீம் போன்றவை கேமைத் திறந்துவிடும் வாசல் மட்டுமே. உள்ளே ஓடும் கேம் தனி ஃபைல். விண்டோஸ் செட்டிங்ஸில் அந்த ஃபைலைத்தான் சேர்க்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன். லாஞ்சரை ஹை பெர்ஃபாமன்ஸில் வைத்தாலும் கேம் பழைய சிப்பிலேயே ஓடலாம். காரணம், உண்மையில் கேமை ஓட்டுவது 'ஜாவாடபிள்யூ' என்ற ஃபைல். சரியான ஃபைல் எது என்று தெரியவில்லையா? கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் அதன் பெயர் மீது ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். ஃபைல் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

டெடிகேட்டட் கார்டு பெயரே காணோமா?

டாஸ்க் மேனேஜரில் ஒரே ஒரு ஜிபியுதான் தெரிகிறது என்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, லேப்டாப் நிறுவனத்தின் சொந்த ஆப். அசூஸின் ஆர்மரி கிரேட்டில் 'ஈகோ மோட்' என்று ஒன்று உண்டு. பேட்டரியை மிச்சப்படுத்த அது டெடிகேட்டட் கார்டையே அணைத்துவிடும். மற்ற சில நிறுவனங்களின் ஆப்களிலும் இதுபோன்ற வசதி வேறு பெயரில் இருக்கிறது. எப்போதோ தெரியாமல் ஆன் செய்திருந்தால், ஆஃப் செய்தாலே போதும்.

இரண்டாவது, டிரைவர். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியைத் திறங்கள். கார்டின் மீது மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தாலோ டிரைவர் சரியாக இல்லை என்று அர்த்தம். என்விடியா, ஏஎம்டி அல்லது லேப்டாப் நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் டிரைவரை எடுங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் 'டிரைவர் அப்டேட்டர்' ஆப்கள் பக்கம் போகாதீர்கள்.

டெஸ்க்டாப் வச்சிருக்கீங்களா?

அப்படியென்றால் முதலில் சிபியு பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் எங்கே சொருகப்பட்டிருக்கிறது? யுஎஸ்பி, ஆடியோ பாயிண்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் போர்ட். கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டுகள் அதற்குக் கீழே தனியாக இருக்கும். கேபிள் மதர்போர்டில் இருந்தால் கழற்றி கார்டில் சொருகுங்கள். டெஸ்க்டாப்பில் கேம் திணறுவதற்கு இந்தச் சின்ன விஷயமே காரணமாக இருக்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

இன்டக்ரேட்டட் சிப்பை டிவைஸ் மேனேஜரில் 'டிஸேபிள்' செய்துவிட்டால் கேம் தானாக டெடிகேட்டட் கார்டுக்குப் போய்விடும் என்று ஒரு யோசனை சொல்லப்படுவது உண்டு. லேப்டாப்பில் இது வேண்டாத வேலை. பல லேப்டாப்களில் திரையோடு இணைந்திருப்பது இன்டக்ரேட்டட் சிப்தான். டெடிகேட்டட் கார்டு உருவாக்கும் காட்சியும் அதன் வழியாகத்தான் திரைக்கு வருகிறது. அதை அணைத்தால் இருப்பதும் கெடும்.

பர்சன்டேஜ் குறைவா இருந்தா தப்பா?

கேம் டெடிகேட்டட் கார்டில்தான் ஓடுகிறது, ஆனால் 40 சதவீதம்தான் காட்டுகிறது என்றால் பதற வேண்டாம். வாலரண்ட் போன்ற கேம்களில் பிராசஸருக்குத்தான் வேலை அதிகம். வி-சிங்க் அல்லது எஃப்பிஎஸ் லிமிட் ஆன் ஆகியிருந்தாலும் கார்டு முழு வேகத்தில் ஓடாது. கேம் சீராக ஓடுகிறதென்றால் அப்படியே விட்டுவிடலாம். சார்ஜர் இணைக்காமல் பேட்டரியில் விளையாடினாலும் வேகம் குறையும். அதனால் சோதிக்கும்போது சார்ஜரைச் சொருகிவிட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டருக்கு எப்போது போகணும்?

டிரைவரை நீக்கிவிட்டு புதிதாகப் போட்ட பிறகும் கார்டின் பெயர் வரவில்லை, அல்லது 'கோட் 43' என்ற எரர் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் ஹார்டுவேர் கோளாறாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போது டாஸ்க் மேனேஜர், டிவைஸ் மேனேஜர் இரண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பில்லோடு கொண்டுபோங்கள். என்னென்ன முயற்சி செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். 'செட்டிங்ஸ் பார்த்தீங்களா?' என்ற கேள்வியோடு உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

புது லேப்டாப் வாங்கியிருப்பவர்கள் இந்தச் சோதனையை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. உண்மையிலேயே கார்டில் கோளாறு இருந்தால், கடையில் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் அது தெரிந்துவிடும்.