கொல்லை அறையும் ராஜாவும்

மைசூர் அக்ரஹாரத்தில் நாய் வளர்த்த வீடுகளே குறைவு. பெட்டை நாய் வளர்த்த வீடு இன்னும் குறைவு. எங்கள் வீட்டில் அது தெரியாத்தனமாக நடந்தது. அறுபதுகளில் ஒருநாள் பால்காரர் தாத்தாவிடம் ஒரு குட்டியை, ஆண் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். 'ராஜா' என்று கூப்பிட்டுப் பழகிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பெயரை மாற்றப் பாட்டி சம்மதிக்கவில்லை. "கூப்பிட்டா வரது, அது போறாதா?" என்றாள். ராஜா கடைசிவரை ராஜாவாகவே இருந்தாள்.

வைதீக வீட்டில் நாய்க்கு இடமில்லை என்பார்கள். அது பாதி உண்மைதான். வைசுவதேவம் செய்கிற வீட்டில் நாய்க்கென்று ஒரு கவளம் வெளியே வைப்பார்கள். பைரவருக்கு வாகனமே நாய். ஆனால் அந்த மரியாதையெல்லாம் வாசற்படிக்கு அந்தப்புறம். ஜகலி என்று நாங்களும் கன்னடத்திலேயே சொல்லிப் பழகிய முன்திண்ணையும், பின்னால் கிணற்றடியும் ராஜாவின் எல்லை. நடுவே இருந்த ரேழி, கூடம், அடுக்களையில் அவள் கால் பட்டதில்லை.

அவள் முதல் தடவை பருவத்துக்கு வந்தபோது திண்ணையில் ரத்தச் சொட்டு. பால்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெதெகெ பந்திதெ, அம்மா" என்றார், பருவத்துக்கு வந்திருக்கிறது என்று கன்னடத்தில். பாட்டிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தூரமானவள் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே கொண்டுபோய்க் கட்டச் சொன்னாள்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அந்தக் காலத்து அக்ரஹார வீடுகளின் கொல்லையில், கிணற்றைத் தாண்டி, ஒரு சிறிய அறை இருக்கும். மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்கள் அதில்தான். தட்டு, சொம்பு, பாய், கம்பளி எல்லாம் தனி. நான்காம் நாள் தலைக்குக் குளித்த பிறகுதான் கூடத்துக்குள் வரலாம். மைசூரின் மார்கழிக் குளிரில் அந்த அறையின் தரை எப்படியிருக்கும் என்பதை உட்கார்ந்தவர்கள்தான் சொல்ல முடியும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வழக்கத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த அறையில்தான் ராஜாவையும் அடைத்தார்கள். சில மாதங்களில் அத்தையின் முறையும் ராஜாவின் முறையும் ஒன்றாக வந்துவிடும். அத்தைக்கு அதில் சந்தோஷம்தான். யாரும் பக்கத்தில் வராத மூன்று நாளில், தொட்டுப் பேச ஓர் உயிர் இருந்தது. ராஜாவைத் தொட்டால் அத்தைக்குத் தீட்டா, அத்தையைத் தொட்டால் ராஜாவுக்குத் தீட்டா என்று தாத்தா ஒருமுறை கேட்டுவிட்டுப் பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மனுஷிக்குக் கொடுமையாக இருந்த அதே அறை, நாய்க்குச் சரியான இடமாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. பருவத்துக்கு வந்த பெட்டை நாய்க்கு வேண்டியது மூடிய கதவு, நாலு சுவர், பழந்துணி, தண்ணீர், மூன்று வாரப் பொறுமை. இவ்வளவும் அங்கே தயாராக இருந்தன. பாட்டி தீட்டு என்று நினைத்துச் செய்ததை இன்று கால்நடை மருத்துவர் வேறு காரணம் சொல்லிச் செய்யச் சொல்கிறார்.

பெண்களுக்கு மூன்று நாள் கணக்கு வைத்திருந்த பாட்டி, நாய்க்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள். ரத்தம் கசிவது சுமார் 9 நாள். அதுவரை பெட்டை, ஆண் நாயைப் பக்கத்தில் சேர்க்காது. கசிவு வெளுத்து நிற்கிற சமயத்தில்தான் அது இணங்கும். அதுவும் சுமார் 9 நாள். நாய்க்கு நாய் இந்தக் கணக்கு கூடும், குறையும். ரத்தம் நின்றுவிட்டதே என்று கதவைத் திறந்துவிடுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். பாட்டி படித்தவள் அல்ல. "ரத்தம் நின்னப்புறம்தான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சொல்லி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சோறு வைக்கவும் தானே போவாள்.

இதே காரியத்தைச் செய்த இன்னொருவர் சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டார். 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்பல்லான்சானி. அவர் கத்தோலிக்கப் பாதிரியாரும்கூட. ஸ்பானியல் பெட்டை ஒன்றை அறையில் பூட்டி, தன் கையாலேயே உணவு கொடுத்து, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அடைத்த 13ஆம் நாள் அது பருவத்துக்கு வந்தது. 23ஆம் நாள், ஆண் நாயின் விந்தைப் பீச்சாங்குழலால் உள்ளே செலுத்தினார். 62 நாள் கழித்து மூன்று குட்டிகள். செயற்கைக் கருவூட்டலின் வரலாறு பூட்டிய கதவிலிருந்துதான் தொடங்குகிறது. பருவம் வந்ததற்கும் கருவூட்டியதற்கும் நடுவே அவர் விட்ட இடைவெளி 10 நாள். பாட்டியின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். பருவத்தின் இந்தக் கட்டங்களுக்கு விஞ்ஞானப் பெயர்கள் வைத்தது வால்டர் ஹீப் என்கிற ஆங்கிலேயர், 1900இல்.

அறை இருந்தது சரி. அதற்குப் பின்னால் இருந்த சந்துதான் தொந்தரவு. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1898இல் மைசூருக்குள் பிளேக் நுழைந்தது. நெருக்கமான வீடுகளும் அசுத்தமும் தான் காரணம் என்று முடிவுகட்டிய சமஸ்தானம், 1903இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டை ஏற்படுத்தியது. இந்தியாவில் இந்த வகை அமைப்புகளில் அது மிக முந்தியவற்றுள் ஒன்று. அகலத் தெருக்களும் புதிய பேட்டைகளும் வந்தன. வீட்டு வரிசைகளுக்குப் பின்னால், மலம் அள்ளுகிறவர்கள் வந்துபோகக் 'கன்சர்வன்சி' சந்துகள் இருந்தன. முன்வாசல் கௌரவத்துக்கு, பின்சந்து கழிவுக்கு. அந்தச் சந்தில் வந்து போன மனிதர்களை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை என்பது வேறு கதை, பெரிய கதை. ஊர் நாய்களுக்கு அது ராஜபாட்டையாகிவிட்டது. ராஜா அடைபட்ட அன்று மாலையே, எங்கெங்கிருந்தோ ஆண் நாய்கள் வந்து கொல்லைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிடும்.

தெரு நாய்களுக்கு நம் பக்கத்தில் மழை ஓயும் மாதங்கள்தான் முக்கியமான பருவம். வீட்டு நாய் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும், ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை வரும். ராஜாவின் முறை புரட்டாசியில் விழுந்தால் போச்சு. அதுதான் தசரா. அரண்மனையில் விளக்கு ஏற்றியிருப்பார்கள். ஜம்பூ சவாரி பார்க்க வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து கூடம் நிறைந்திருக்கும். கொலுவுக்கு முன்னால் யாராவது பாட ஆரம்பிப்பார்கள். கொல்லைப் பக்கம் நாய்கள் கோரஸ் எடுக்கும். வந்த மாமிகள் என்ன சத்தம் என்று கேட்க, பாட்டி முகத்தைச் சுளிக்காமல், "பெருச்சாளி" என்பாள்.

சிரிக்கிற விஷயம் மட்டுமில்லை. ஒரு பெட்டைக்காகப் பத்து நாய் சண்டையிடும்போது நடுவில் போகிறவனுக்குக் கடி நிச்சயம். அப்போது நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஊரே நடுங்கும். டேவிட் செம்பிள் என்கிற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. நமக்குப் பக்கத்தில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் இருந்தது. ஊசிக்குப் பயந்து விபூதி பூசிக்கொண்டு இருந்துவிட்டவர்களும் உண்டு. அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004 டிசம்பரில்தான் அடியோடு நிறுத்தியது.

வாசனையை மறைக்க எல்லோரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். வாலடியில் நீலகிரித் தைலம், கதவிடுக்கில் கற்பூரம், சந்தில் மஞ்சள் தண்ணீர். எதற்கும் ஒரு நாய்கூட எழுந்து போகவில்லை. சேதி சொல்வது முக்கியமாக மூத்திரம். பாட்டி தினமும் இரண்டு வேளை கிணற்றடியை வாரித் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. கதவுக்கு மிஞ்சிய வைத்தியம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கதவும் ஒருமுறை தோற்றது. தாழ்ப்பாள் உளுத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆறு குட்டிகள்: இரண்டு ஆண், நான்கு பெண். ஆண் குட்டிகளைக் கேட்டு வாசலுக்கே ஆள் வந்தது. பெண் குட்டிகளை யாரும் கேட்கவில்லை. கண் திறந்து, தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும், ஒரு விடியற்காலையில் மாமா கோணிப்பையில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். தேவராஜ மார்க்கெட் பக்கம் விட்டதாகச் சொன்னார். அங்கே கழிவு நிறைய, பிழைத்துக்கொள்ளும் என்றார். நாங்கள் மேலே கேட்கவில்லை. எங்கள் வீடு மட்டுமில்லை, நாய் வளர்த்த வீடுகள் பலவும் இப்படித்தான் செய்தன. தெருவில் பெருகிய நாய்களைப் பற்றிப் புகார் சொன்னதும் பெரும்பாலும் இதே வீடுகள்தான்.

தெருவுக்குப் போன நாய்க்குக் கிடைத்தது விஷமோ கூண்டு வண்டியோ தான். சென்னையில் மாநகராட்சி பல பத்தாண்டுகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொல்லக் கொல்ல எண்ணிக்கை குறையவில்லை. மிஞ்சிய பெட்டைகள் குட்டி போட்டு இடத்தை நிரப்பிவிடும். 1959இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பு, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1964லேயே சொன்னது. மாநகராட்சி அதற்கு இணங்க 1996 ஆயிற்று. 2001இல் அது நாடு முழுவதுக்குமான விதியானது. 2023இல் விதிகளைப் புதுப்பித்தார்கள். வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை செய்வது வளர்ப்பவர் பொறுப்பு என்று அந்த விதிகள் சொல்கின்றன.

ராஜா கிழவியான பிறகு, ஒரு பருவம் முடிந்து சில வாரத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு உப்பியது. வயசாச்சு என்று விட்டுவிட்டோம். கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது, கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளுக்குப் பருவம் முடிந்த ஓரிரு மாதத்தில் வருகிற நோய் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தால் அந்த நோயே வந்திருக்காது.

அத்தை வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மாதம் மூன்று நாள் லீவு கொடுக்க எந்த ஆபீசும் தயாரில்லை. எழுபதுகளில் அந்தக் கொல்லை அறை விறகு அறையாகி, பிறகு பாத்ரூமாகி, வீட்டை இடித்தபோது காணாமல் போனது. யாரும் அழவில்லை. அக்ரஹாரத்தில் இப்போது மாடிமேல் மாடி. கொல்லை கிடையாது. நாய் சோபாவில் தூங்குகிறது. ஜட்டி மாதிரி ஒன்றைப் பெட்டைக்கு மாட்டிவிட்டுக் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது சோபாவைக் காப்பாற்றும், குட்டியைத் தடுக்காது. பருவத்தைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசி கேட்டுப் போகிறவர்களும் உண்டு. ராஜாவுக்கு வந்த நோயை விலைகொடுத்து வாங்குகிற வழி அது.

ஆகவே, பெட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு: சொட்டு தெரிந்த நாளிலிருந்து மூன்று வாரம், முடிந்தால் நான்கு, வெளியே கயிறில்லாமல் விடாதீர்கள். மொட்டைமாடியை நம்பாதீர்கள். பருவத்தின் நடுவில் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள், அப்போது ரத்தப்போக்கு அதிகம். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொண்டுபோய்ச் செய்துவிடுங்கள். குட்டி எடுக்கப் போகிறவர்கள், யாரும் கேட்காத அந்தப் பெண் குட்டியைக் கேட்டு வாங்குங்கள்.