துப்பாக்கி என்ற சொல்லும் தண்டனையின் அளவும்

துப்பாக்கி என்ற சொல் துருக்கிய மொழிவழித் தமிழுக்கு வந்தது. நம் பேச்சில் அது ஒரு பொருளைத்தான் குறிக்கிறது. இந்தியச் சட்டத்தின் மொழியிலோ அது ஒருபோதும் ஒரே பொருளாக இருந்ததில்லை. யார் கையில் இருக்கிறது, எந்த மாவட்டத்தில் இருக்கிறது, அதன் உள்ளமைப்பு எத்தகையது என்பவற்றைப் பொறுத்து அதன் பெயரும் விளைவும் மாறிவந்துள்ளன. உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது ஒருவருக்குக் குற்றமே ஆகாது. இன்னொருவருக்கு இரண்டாண்டுச் சிறை. மூன்றாமவருக்கு ஏழாண்டுச் சிறை. தடைசெய்யப்பட்ட வகைத் துப்பாக்கியால் உயிர் போனால் தூக்குத் தவிர வேறு தண்டனையே இல்லை என்றிருந்த காலமும் உண்டு.

துப்பாக்கிக் குற்றங்களுக்கு நம் நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டனை சீரானதா, நியாயமானதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்து ஆண்டுகளை ஒப்பிடுவதே வழக்கமாக உள்ளது. மொழியியல் பயின்றபின் சட்டமொழியை ஆராய வந்த எனக்கு அந்த ஒப்பீடு போதுமானதாகத் தோன்றவில்லை. ஆண்டுகளை நீதிபதி எண்ணத் தொடங்கும் முன்பே, சட்டத்தில் உள்ள சில சொற்கள் பெரும்பகுதியை எண்ணி முடித்துவிடுகின்றன. சீரின்மையின் வேரை அச்சொற்களில் தேட வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

1857இன் பேரெழுச்சிக்குப் பிறகு இந்தியரிடமிருந்து ஆயுதங்களைக் களைவது ஆட்சியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாயிற்று. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878இல் இந்திய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. தாய்மொழி இதழ்களை ஒடுக்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். இதழ்ச் சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் ஒரு பத்தாண்டுக்கு மேல் நீடித்தது.

1878 சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை மட்டும் படித்தால் அவை இன்றைய சட்டத்தைவிட மென்மையானவை. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். மறைத்து வைக்கும் நோக்கம் இருப்பின் ஏழாண்டு வரை. குறைந்தபட்சம் இவ்வளவு என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அச்சட்டத்தின் அநீதி தண்டனைப் பிரிவில் இல்லை. விலக்குப் பட்டியலில் இருந்தது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் முதலியோருக்கு உரிமமே தேவையில்லை என விதிகள் கூறின. ஆகவே ஒரே ஊரில், ஒரே வகைத் துப்பாக்கியை வைத்திருந்த இருவரில் ஒருவர் மட்டுமே குற்றவாளி ஆக முடியும். நீதிபதி எவ்வளவு நடுநிலையாளராக இருந்தாலும் மற்றவர் அவர்முன் வரவே மாட்டார்.

1887இல் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் இயற்றியது. மக்களின் விசுவாசத்தின்மீது இச்சட்டம் தகாத களங்கம் சுமத்துகிறது என்பது அன்றைய முறையீடு. தண்டனையின் கடுமையைவிட, 'நம்பத்தகாதவர்' என்று ஒரு மக்கள்திரள் முழுவதற்கும் சட்டம் இட்ட பெயரே அவர்களை உறுத்தியது. முதல் உலகப் போருக்குப் பின் விதிகள் திருத்தப்பட்டு வெளிப்படையான இன வேறுபாடு நீக்கப்பட்டது.

விடுதலை பெற்ற இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1962இல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் ஒரு நாட்டையே நிராயுதமாக்க வந்தது என்பதைப் புதிய சட்டத்தின் நோக்கவுரையே ஒப்புக்கொண்டது. அடுத்து நீதிமன்றங்கள் சொற்களைத் துலக்கத் தொடங்கின. 'வைத்திருத்தல்' என்றால் என்ன? குன்வந்த்லால் வழக்கில் (1972) உச்ச நீதிமன்றம், துப்பாக்கி உடலோடு ஒட்டியிருக்க வேண்டியதில்லை, ஆனால் அது இருப்பதை அறிந்திருக்கவும் அதன்மீது ஆளுகை பெற்றிருக்கவும் வேண்டும் என்று விளக்கியது. 'வைத்திருத்தல்', 'அறிந்து வைத்திருத்தல்' ஆயிற்று. ஓர் அடைமொழி எத்தனையோ பேரைச் சிறையிலிருந்து காக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எண்பதுகளில் காற்று திசைமாறியது. பஞ்சாபில் வன்முறை உச்சத்தில் இருந்த அக்காலத்தில் நாடாளுமன்றம் அடுத்தடுத்துத் திருத்தங்கள் செய்தது. குறைந்தபட்சத் தண்டனைகள் புகுந்தன. 1988இல் சேர்க்கப்பட்ட 27(3)ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தி, அதன் விளைவாக எவரேனும் இறக்க நேர்ந்தால் மரண தண்டனை என்றது. ஆயுள் தண்டனை என்ற மாற்று அதில் இல்லை.

இப்பிரிவின் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'கொன்றால்' என்று அது கூறவில்லை. 'இறப்பு விளைந்தால்' என்றது. 'கொன்றான்' என்னும்போது அச்செயலைச் செய்தவன் வாக்கியத்தின் நடுவில் நிற்கிறான்; அவன் எண்ணம் என்ன என்று கேட்க இடமிருக்கிறது. 'இறப்பு விளைந்தது' என்னும்போது செய்தவன் வாக்கியத்திலிருந்தே விலகிவிடுகிறான். அவன் எண்ணமும் உடன் விலகிவிடுகிறது. திட்டமிட்டுக் கொன்றவனும், கொல்லும் எண்ணமின்றிச் சுட்டு ஓர் உயிர் போகக் காரணமானவனும் ஒரே தூக்குமேடைக்கு அனுப்பப்படும் வகையில் அப்பிரிவு எழுதப்பட்டிருந்தது. முற்றிலும் 'சீரான' தண்டனை வேண்டும் என்போருக்கு இதைவிடச் சீரான விதி கிடைக்காது.

வியப்பு என்னவெனில், அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, மித்து வழக்கில் (1983) உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவில் இருந்த கட்டாய மரண தண்டனையைச் செல்லாது என்று அறிவித்திருந்தது. தண்டனை குறித்துக் குற்றவாளியின் தரப்பைத் தனியே கேட்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்திருக்க, முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டால் கேட்பதற்குப் பொருள் என்ன? இக்கேள்விக்கு விடை சொல்லாமலேயே 27(3) பிறந்தது. 2012 பிப்ரவரி 1 அன்று, பஞ்சாப் மாநிலம் எதிர் தல்பீர் சிங் வழக்கில், நீதிபதிகள் ஏ.கே. கங்குலி, ஜே.எஸ். கேஹர் அமர்வு அப்பிரிவைச் செல்லாததாக்கியது. அரசமைப்புக்கு ஒவ்வாத ஒரு வாக்கியம் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது.

அடுத்து, அனைவரும் அறிந்த வழக்கு. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் நடிகர் சஞ்சய் தத் ஏ.கே. 56 ரகத் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்டார். தடாச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, 'அறிவிக்கப்பட்ட பகுதி'யில் குறிப்பிட்ட வகை ஆயுதத்தை உரிமமின்றி வைத்திருந்தாலே குறைந்தது ஐந்தாண்டு, அதிகபட்சம் ஆயுள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் குற்றத்தின் பெயரே மாறிவிடும். 1994இல் அரசியல் சாசன அமர்வு இப்பிரிவைச் செல்லும் என்றது. ஆயினும் அந்த ஆயுதம் பயங்கரவாதச் செயலுக்குரியதன்று என மெய்ப்பிக்கும் வாய்ப்பைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழங்கியது. 2007இல் தடா நீதிமன்றம் தத்தை ஆயுதச் சட்டத்தின் கீழ் மட்டும் தண்டித்து ஆறாண்டுச் சிறை விதித்தது. 2013 மார்ச் 21 அன்று நீதிபதிகள் ப. சதாசிவம், பி.எஸ். சௌகான் அமர்வு அதை ஐந்தாண்டாகக் குறைத்தது. நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கும் கோரிக்கையை, குற்றத்தின் தன்மையைக் காட்டி ஏற்க மறுத்தது.

அதே வழக்கில், ஆயுதங்களைத் தம் வீட்டில் வைத்திருந்ததற்காக ஒரு முதிய பெண்மணி தடாவின் கீழ் தண்டிக்கப்பட்டார். அவருக்கும் ஐந்தாண்டுதான். இருவரின் வழக்கு விவரங்களும் ஒன்றல்ல. ஒருவரை மற்றவரோடு தராசில் நிறுத்துவது என் நோக்கமன்று. ஆனால் ஆண்டுகளை மட்டும் ஒப்பிடும் ஆய்வாளர் இங்கே 'சீரான தண்டனை' என்று குறித்துக்கொண்டு கடந்துவிடுவார். ஒருவர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தவர். மற்றவர் பயங்கரவாதத் தடுப்புச் சட்டக் குற்றவாளி. எண் ஒன்று, பெயர் வேறு. வாழ்நாள் முழுவதும் உடன்வருவது அந்தப் பெயர்தான்.

விலக்குப் பட்டியல்களின் கதையும் 1878உடன் முடிந்துவிடவில்லை. 1857 காலத்து விசுவாசத்துக்காகக் குடகர்களுக்குப் பிரிட்டிஷார் அளித்த விலக்கு இன்றும் தொடர்கிறது. குடகு இனத்தவரும் அங்கே 'ஜம்மா' நிலவுரிமை பெற்றவர்களும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்திருக்கலாம். 2019இல் ஒன்றிய அரசு இதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இது செல்லும் என்றது. குடகர் பண்பாட்டில் ஆயுதத்துக்கு உள்ள மதிப்பு உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. எனினும், அதே மாவட்டத்தின் காபித் தோட்டத்தில் கூலிக்கு உழைக்கும், அவ்விரு பிரிவிலும் சேராத ஒருவரிடம் உரிமமற்ற துப்பாக்கி கிடைத்தால், அவர் செல்லும் வழி சிறைக்கே. 'இனம்' என்ற சொல் குடியரசின் ஆயுதச் சட்டத்துக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதையே சுட்டுகிறேன்.

2019 டிசம்பரில் வந்த திருத்தம் தண்டனைகளை மேலும் உயர்த்தியது. உரிமமற்ற துப்பாக்கி வைத்திருப்பதற்கான குறைந்தபட்சத் தண்டனை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும், தடைசெய்யப்பட்ட ஆயுதத்துக்கு ஐந்திலிருந்து ஏழாண்டாகவும் உயர்ந்தது. குறைந்தபட்சத்தை உயர்த்துவதே சீர்மைக்கு வழி என்போரின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நீதிபதிக்கு நீதிபதி மாறும் மனப்போக்கு மெய்யானது. செல்வாக்குள்ளவர் இரக்கத்துக்கு எளிதில் உரியவராகிறார் என்பதும் மெய். துப்பாக்கிக்குப் பலியானவரின் குடும்பம் தண்டனையில் உறுதியை எதிர்பார்ப்பது இயல்பு.

ஆனால் நீதிபதியிடமிருந்து பறிக்கப்படும் விருப்புரிமை மறைந்துவிடுவதில்லை, இடம்பெயர்கிறது. எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் பதிவது என்று தீர்மானிக்கும் காவல் நிலையத்துக்கும், குற்றப்பத்திரிகையின் சொல்தேர்வுக்கும் அது போய்ச் சேர்கிறது. நீதிபதி தம் முடிவுக்குக் காரணம் எழுதியாக வேண்டும். மேல்முறையீட்டில் அக்காரணம் சோதிக்கப்படும். இந்தப் பிரிவை விட்டு அந்தப் பிரிவை ஏன் தேர்ந்தார் என்று காவல் அதிகாரி அவ்வாறு எழுதி வைக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் 25ஆம் பிரிவில் உள்ள ஒரு சிறு காப்புரை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உரிமமற்ற ஆயுதம் வைத்திருந்த வழக்குகளில், போதிய, தனிச்சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் பதிவுசெய்து, நீதிமன்றம் குறைந்தபட்சத்துக்கும் கீழான தண்டனை விதிக்கலாம் என்கிறது அது. காட்டுப்பன்றியை விரட்டப் பழைய நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்த உழவரையும் கூலிப்படைக்காரரையும் பிரித்துக்காட்டும் இடம் அது ஒன்றுதான்.  தண்டனை வழங்குவதற்கு நெறிமுறை வேண்டும் என்று மலிமத் குழு 2003இல் பரிந்துரைத்தது; 2024 மே மாதத்திலும் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு அதை நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்நெறிமுறை என்றேனும் எழுதப்பட்டால், அது மற்றுமொரு ஆண்டுப் பட்டியலாக அமையாமல், என்னென்ன காரணங்களை எவ்வாறு பதிவுசெய்வது என்று வகுப்பதாக அமைய வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே தண்டனை என்பதன் எல்லையை 27(3) காட்டிவிட்டது. ஆளுக்கொரு சட்டம் என்பதன் எல்லையை 1878 காட்டியது. இரண்டிலும் வேறுபாட்டுக்கோ ஒற்றுமைக்கோ காரணம் கேட்க இடமில்லை. வேறுபடும் ஒவ்வொரு தண்டனைக்கும் எழுதப்பட்ட, சோதிக்கத்தக்க ஒரு காரணம் இருப்பதையே நான் சீர்மை என்பேன். இனி இரு தீர்ப்புகளை ஒப்பிடும் செய்தியைப் படிக்க நேர்ந்தால், எத்தனை ஆண்டு என்பதோடு எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், என்ன காரணம் என்றும் பாருங்கள். சட்டம் பயிலும் நண்பர்கள் இவ்வாதத்தில் பிழை கண்டால் சுட்டுங்கள், திருத்திக்கொள்வேன்.