கொந்தளிக்கும் காற்றும் விமானத்தின் வேகமும்

கரடுமுரடான பாதையிலே செல்லும் வண்டிக்காரன் மாடுகளை மெல்ல நடத்துவான். வேகம் தணிந்தாற் குலுக்கமும் தணியும் என்பது அவன் பட்டறிந்த உண்மை. வானவெளியிலும் பாதை எப்பொழுதும் செம்மையாக இருப்பதில்லை. வெயிலாற் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்று, மலையைத் தாண்டிச் சரியும் காற்று, இடிமுகிலினுள்ளே ஏறியிறங்கும் காற்று ஆகியவை விமானத்தைத் தூக்கியும் தாழ்த்தியும் அலைக்கழிக்கின்றன. பயணிகள் இதனை 'ஆகாயப் பள்ளம்' என்பர். ஆகாயத்திலே பள்ளம் எதுவும் இல்லை. ஏறுகின்ற காற்றும் இறங்குகின்ற காற்றும் அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவே. அவற்றினூடே செல்லும் சிறிய விமானம் எந்த வேகத்திற் பறந்தால் அதன் இறக்கைகள் முறியாமல் இருக்கும்? இவ்வினாவுக்கு மனிதர் விடை கண்ட வரலாற்றை இங்கே நோக்குவோம்.

விமானம் தோன்றிய தொடக்க காலத்தில் இறக்கை முறிதல் அரிய நிகழ்ச்சியன்று. 1909ஆம் ஆண்டில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து புகழெய்திய லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர், அத்தகைய விபத்துகளை ஆராய்ந்து, 1912இல் தம் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். இறக்கைகள் மேல்நோக்கி மடிந்தே முறிகின்றன என்று பலரும் எண்ணியிருக்க, கீழ்நோக்கிய விசையாலும் அவை முறியக்கூடும் என்றும், அதனைத் தாங்கவேண்டிய மேற்கம்பிகள் போதிய வலிமையற்றவை என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அக்குறை அவர் தாமே அமைத்த விமானங்களிலும் இருந்தது. தம் வாணிகத்துக்குக் கேடு விளையுமென்று அறிந்தும் உண்மையை மறையாது உரைத்தார். பிரெஞ்சு இராணுவம் ஒற்றையடுக்கு இறக்கை விமானங்களைச் சிறிது காலம் நிறுத்திவைத்துத் திருத்தியது.

ஆயினும், பறக்கும்பொழுது இறக்கை மீது ஏறும் பாரம் எவ்வளவு என்பதை அளந்து கண்டவர் அக்காலத்தில் மிகச் சிலரே. 1924ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானியாகிய யேம்ஸ் டூலிற்றில், ஒகையோ மாநிலத்து மக்குக் விமானத்தளத்திலே அம்முயற்சியில் ஈடுபட்டார். பொக்கர் நிறுவனத்தாரின் போர்விமானம் ஒன்றில் முடுக்கத்தைப் பதியும் கருவியைப் பொருத்தி, செங்குத்தாகப் பாய்ந்தும் சட்டென்று மேலே திருப்பியும் சுழன்றும் பறந்தார். ஒரு கட்டத்தில் விமானம் தன் எடையின் 7.8 மடங்கு பாரத்தைத் தாங்கியது. கணப்பொழுது நேரும் அப்பாரத்தை மனித உடலும் தாங்கியது. ஆனால் 4.5 மடங்குக்கு மேற்பட்ட பாரம் சில சுற்றுகளுக்கு நீடித்தபொழுது விமானியின் உணர்வு மங்கியது. கணக்கிற் கண்ட அளவும் வானிற் கண்ட அளவும் ஏறக்குறைய ஒத்திருந்தன என்பதே இச்சோதனையின் பெரும்பயன். அடுத்த ஆண்டில் அவ்வறிக்கை அச்சேறியது.

அக்கணக்கின் அடிப்படை எளிதானது. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடக்கூடத் தூக்குவிசையும் கூடும். ஆனால் ஒரு வரம்பைத் தாண்டியதும் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிய, தூக்குவிசை வீழ்ந்துவிடும். இந்நிலையை விமானிகள் 'ஸ்டோல்' என்பர். அது விமானிக்குப் பகையாயினும், மெதுவாகச் செல்லும்பொழுது காவலனும் ஆகின்றது. பாரம் மிகுந்து இறக்கை முறியுமுன்னர், இறக்கையே பாரத்தை உதறிவிடுகின்றது. மட்டமாகப் பறக்கும் விமானம் ஸ்டோல் நிலையெய்தும் வேகத்தை ஓர் அளவாகக் கொள்வோம். அதன் இருமடங்கு வேகத்தில் இறக்கை நான்கு மடங்கு பாரத்தையும், மும்மடங்கு வேகத்தில் ஒன்பது மடங்கு பாரத்தையும் ஏற்றிக்கொள்ள வல்லது. சாதாரண வகைச் சிறு விமானங்களுக்கு நெடுங்காலமாக வகுக்கப்பட்டுள்ள எல்லை 3.8 மடங்கு. இதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.95. எனவே ஸ்டோல் வேகம் மணிக்கு 50 கடல்மைலாயின், 97 கடல்மைலே காவலெல்லை. அதற்குமேற் சென்றால், ஸ்டோல் வந்து காக்குமுன் பாரம் எல்லையைக் கடந்துவிடும்.

இங்கே நேயர்கள் ஊன்றி நோக்கத்தக்க புதுமை ஒன்றுண்டு. பாரங்குறைந்த விமானம் விரைந்து செல்லலாம் என்றே எவரும் நினைப்பர். உண்மையோ அதற்கு நேர்மாறானது. உலகெங்கும் பயின்றுவரும் செஸ்னா 172 விமானத்தின் 'எஸ்' வகையை எடுத்துக்கொள்வோம். முழு எடையாகிய 2,550 இறாத்தலில் அதன் காவல்வேகம் 105 கடல்மைல். எடை 2,200 இறாத்தலாகக் குறைந்தால் 98. 1,900 இறாத்தலாயின் 90 மட்டுமே. காரணம் யாது? ஒரே அளவான காற்றுமோதல் கனமான பொருளைச் சற்றே அசைக்கும். இலேசான பொருளை வீசியெறியும். இயந்திரத்தைத் தாங்கும் சட்டங்களும் ஆசனங்களும் பொதிகளும் அவ்வீச்சின் வேகமாற்றத்தையே தாங்கவேண்டும். நண்பரை இறக்கிவிட்டுத் தனியே திரும்பும் விமானி, போனபொழுது சென்ற வேகத்திற் கொந்தளிப்பினுள் நுழைவானாயின் ஆபத்தை வரவேற்கின்றான்.

காற்றின் மோதலை அளக்கும் பணி 1930களில் விரிவடைந்தது. அமெரிக்காவின் விமானவியலுக்கான தேசிய ஆலோசனைக் குழுவினர், வேகத்தையும் முடுக்கத்தையும் ஒருங்கே புகைபடிந்த கண்ணாடியிற் கீறும் சிறுகருவியை விமானங்களிற் பொருத்தினர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஹொரேஸ் பையர்ஸ் தலைமையில் நடந்த இடிமுகில் ஆராய்ச்சியில், விமானிகள் வெவ்வேறு உயரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை முகிலினுள் வேண்டுமென்றே புகுந்து வந்தனர். மிகை வேகம் இறக்கையை முறிக்கும். மிகக் குறைந்த வேகமோ ஒரு மோதலிலேயே ஸ்டோலில் தள்ளிக் கட்டுப்பாட்டைப் பறித்துவிடும். இரண்டுக்கும் நடுவிலேதான் நன்மை உண்டு. வேகத்தைத் தணித்த விமானி, உயரம் சற்று ஏறியிறங்கினும் அதனைத் துரத்தாது, இறக்கைகளைச் சமனாகவும் மூக்கை நிலையாகவும் வைத்திருத்தல் வேண்டும்.

இவ்வளவு கற்ற பின்னரும் ஒரு தப்பெண்ணம் நிலவியது. காவல்வேகத்துக்குக் கீழே சுக்கான்களை எப்படி ஆட்டினாலும் விமானம் முறியாது என்று விமானிகள் பலர் நம்பினர். 2001 நவம்பர் 12ஆம் திகதி, நியூ யோர்க்கிலிருந்து சாந்தோ தொமிங்கோவுக்குப் புறப்பட்ட எயர்பஸ் விமானமொன்று, முன்சென்ற போயிங் 747 விட்டுச்சென்ற காற்றுச்சுழலிற் சிக்கியது. விமானி வாற்சுக்கானை இடமும் வலமும் மாறிமாறி முழுவீச்சில் மிதிக்க, வாலின் செங்குத்துத் தட்டே கழன்று வீழ்ந்தது. விமானத்திலிருந்த 260 பேரும் தரையில் ஐவரும் மாண்டனர். அப்பொழுது விமானம் காவல்வேகத்துக்குக் குறைவாகவே பறந்தது. அவ்வேகம் ஒரு திசையில், ஒரு முறை செய்யும் முழு அசைவுக்கே காவல். மாறிமாறி ஆட்டுவதற்கு அன்று. 2010இல் அமெரிக்க விதிகள் பெரிய விமானங்களின் கைந்நூல்களில் இவ்வெச்சரிக்கையைத் தெளிவாகப் பொறிக்கச் செய்தன. அது சிறு விமானத்துக்கும் பொருந்தும்.

பாதுகாப்பான வேகம் என்பது வேகமானியில் ஒருமுறை குறித்துவிட்டு மறந்துவிடத்தக்க எண் அன்று. அது எடையோடு மாறுவது. கையின் நிதானத்தோடு சேர்ந்தே காப்பது. முகிலின் கருமையையும் மலைச்சரிவின் காற்றையும் தூரத்திலேயே கண்டு, குலுக்கம் தொடங்குமுன் வேகத்தைத் தணிப்பவனே நல்ல விமானி. கற்பாதையைக் கண்டதும் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் வண்டிக்காரனின் அறிவும் அதுவே.